வெளிநாட்டுப் பனை விதைகளும் நாற்றுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம், சொந்தக்காரர்களின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடத்தில் பல நாட்டுப் பனை இனங்களை வளர்த்து வருகிறேன். பார்க்க வருகிறவர்களும் போனில் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே பனை என்று சொல்வது நம் ஊர்ப் பனைமரத்தை மட்டுமல்ல. தென்னை, பாக்கு, ஈச்சை, நர்சரியில் 'பாம்' என்று விற்கிற அத்தனையும் அந்தக் குடும்பம்தான்.

வெளிநாட்டிலிருந்து வாங்கியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கேட்பவர்களில் பாதிக்கு மேல் தேடுவது, ஆந்திராவின் கடியத்திலும் திருச்சூர் மண்ணுத்தியிலும் நர்சரிகளில் வரிசை வரிசையாக நிற்கிற செடிகளைத்தான். ஃபாக்ஸ்டெயில் பாமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கேப் மெல்வில் என்ற பாறைமலைப் பகுதியில் மட்டும் இயற்கையாக வளர்வது, 1983-இல்தான் அதற்கு வொடியேட்டியா பைஃபர்கேட்டா என்று அறிவியல் பெயரே வந்தது. 90-களில் அதன் விதைக்காகக் காட்டுக்குள் புகுந்து திருடினார்கள். இன்று கோயம்புத்தூரில் கல்யாண மண்டப வாசலிலேயே அது குலைகுலையாகக் காய்க்கிறது. மண்டபக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆரஞ்சும் சிவப்புமாகப் பழுத்து விழுந்ததைப் பொறுக்கி வந்தால் போதும். நேற்று விழுந்த விதைக்கு ஈடாக எந்த நாட்டு பார்சலும் வராது. பாட்டில் பாம், ராயல் பாம், பிஸ்மார்க்கியா, அரிக்கா பாம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வரவழைக்கத் தகுந்தவை என்று நான் நினைப்பது, தாய்மரம் இங்கே இல்லாதவை அல்லது காய்க்கிற வயதுக்கு இன்னும் வராதவை. மலேசியக் காட்டின் ஜோஹன்னஸ்டைஸ்மேனியா (சேகரிப்பாளர்கள் செல்லமாக 'ஜோயி' என்பார்கள், அதில் ஒரு வகைக்கு இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும்), லிக்குவாலாவில் (விசிறிபோல் அகல இலை உள்ள பனை) அரிதான வகைகள், மடகாஸ்கரின் சில இனங்கள். இவைகளுக்கு அலைவதில் அர்த்தம் இருக்கிறது.

என் ஊர் வெயிலுக்கு அது தாங்குமா?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் பலர் விதை முளைத்த பிறகுதான் கேட்கிறார்கள். 'வெப்பமண்டலச் செடி' என்றதும் நம் ஊருக்கு ஒத்துவரும் என்று நினைத்துவிடுகிறோம். லிப்ஸ்டிக் பாம் வளர்வது மலேசியா, சுமத்ரா, போர்னியோவின் சதுப்புக் காடுகளில். வேர் ஈரத்திலேயே இருக்க வேண்டும், காற்றும் ஈரமாக இருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளக்கரையில் வைத்தால் செழிக்கும். மதுரையில் மொட்டை மாடித் தொட்டியில் வைத்தால் ஒரு சித்திரை கூடத் தாண்டாது. எங்கள் பக்கம் வெயிலைவிடக் காற்றுதான் தொல்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, பிளவில்லாத அகல இலை உள்ள எதையும் நார்நாராகக் கிழித்துவிடும். அதனால் லிக்குவாலாக்களைத் தென்னைக்கு உள்ளே, நாலு வரிசை தள்ளித்தான் வைத்திருக்கிறேன். மறுபக்கம், பிஸ்மார்க்கியாவுக்கு இராமநாதபுரத்து வெயிலும் பொருட்டில்லை.

விதையா, நாற்றா?

விதை. முதல் முறை வாங்குகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், விதைதான்.

நாற்று என்றால் மண்ணோடு கொண்டுவர முடியாது, இந்தியாவுக்குள் செடியோடு மண் வருவதற்குத் தடை. வேரைக் கழுவி, வெறும் வேரோடு வர வேண்டும். வாழையையோ செம்பருத்தியையோ வேர் கழுவி அனுப்பினால் பிழைத்துக்கொள்ளும், பனை இனத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு இருப்பது ஒரே குருத்து. பக்கத்தில் இன்னொரு மொட்டு வெடித்து வரும் என்று காத்திருக்க முடியாது (கொத்தாக வளர்கிற இனங்கள் தவிர). வேர் அறுந்த அதிர்ச்சியில் குருத்து அழுகினால் கதை முடிந்தது. அது தவிர, வந்த நாற்றுகளைத் தனியாக ஒரு கூடத்தில் குறிப்பிட்ட காலம் வைத்து, நியமிக்கப்பட்ட ஆய்வு அதிகாரி வந்து பார்த்து விடுவிக்கிற வரை மற்ற செடிகளோடு சேர்க்கக் கூடாது. அதற்கு இடமும் பொறுமையும் இருக்கிற நர்சரிக்காரர்களுக்குத்தான் நாற்று சரிப்படும்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

இரண்டு முக்கியம். ஒன்று இங்கே நீங்கள் வாங்கும் இறக்குமதி அனுமதி. இன்னொன்று, அனுப்புகிற நாட்டின் அரசு தருகிற தாவர சுகாதாரச் சான்றிதழ், எல்லோரும் 'ஃபைட்டோ' என்று சொல்வது. இரண்டுக்கும் அடிப்படை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை. அதற்கும் பின்னால் 1914-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

வரிசை மாறினால் எல்லாம் போச்சு, அதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். முதலில் அந்த ஆணையின் அட்டவணைகளில் உங்கள் இனமும் அனுப்பும் நாடும் ஜோடியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இனம் மட்டும் இருந்தால் போதாது, 'தாய்லாந்திலிருந்து இந்த இனத்தின் விதை' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இனத்தோடு என்னென்ன பூச்சி, நோய் வரலாம் என்று ஆபத்து ஆய்வு நடக்க வேண்டும், அதற்கு ஒரு விதைப் பருவமே போய்விடலாம். இருந்தால், இணையவழியில் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு அதன் நகலை விற்பவருக்கு அனுப்புங்கள். அதில் 'கூடுதல் உறுதிமொழி' என்று சில வரிகள் இருக்கும், இன்ன பூச்சி இல்லை, இன்ன மருந்தில் நேர்த்தி செய்யப்பட்டது என்பதுபோல. அந்த வரிகள் அப்படியே ஃபைட்டோவில் ஏற வேண்டும்.

எனக்கு ஒருமுறை இந்த இடத்தில்தான் அடி விழுந்தது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் ஃபைட்டோவை ஒழுங்காக வாங்கினார், முத்திரை, கையெழுத்து, அறிவியல் பெயர் எல்லாம் சரி. கூடுதல் உறுதிமொழிக் கட்டம் மட்டும் காலி. ஐந்நூறு விதை திரும்பிப் போகவும் இல்லை, என்னிடம் வரவும் இல்லை, அழிக்கப்பட்டது. அதிகாரி செய்தது சரிதான், நான் அந்தக் கட்டத்தின் போட்டோவை முன்கூட்டியே வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஃபைட்டோவின் முழுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்த பிறகுதான் 'அனுப்புங்கள்' என்பேன்.

நடவுக்கான விதையும் செடியும் எந்தத் துறைமுகம், விமான நிலையம் வழியாகவும் வந்துவிட முடியாது, அதற்கென்று நிலையங்கள் உண்டு. நமக்கு சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம். போய் நேரில் கேளுங்கள், தயங்க வேண்டாம். விண்ணப்பத்தில் எழுத வேண்டிய ஒரு வார்த்தைக்காக நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் உட்கார வைத்து விளக்கினார்கள்.

நண்பர் பெயரில் அனுமதி இருக்கிறது. அதில் நானும் சேர்ந்து வாங்கலாமா?

அனுமதியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அவர் தன் பெயரில் வரவழைத்து, எல்லாம் விடுவிக்கப்பட்ட பிறகு உங்களுக்குப் பங்கு தரட்டும். நாங்கள் சிலர் இப்படித்தான் செய்கிறோம், அனுப்பும் செலவும் பங்காகிவிடும்.

தென்னையில் வெளிநாட்டு ரகம் ஒன்றைக் கொண்டுவரலாமா?

கூடாது. தனிநபருக்கு அந்த வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் கடாங்-கடாங் என்ற நோய் கோடிக்கணக்கான தென்னைகளைக் கொன்றது. வைரஸைவிடச் சிறிய வைராய்டு என்ற ஒன்றுதான் காரணம், அதற்கு மருந்து கிடையாது. கரீபியத் தீவுகளிலும் ஃபுளோரிடாவிலும் 'மரண மஞ்சள் நோய்' தோப்புத் தோப்பாக மரத்தை மொட்டையாக்கியது, மட்டையெல்லாம் உதிர்ந்து தந்திக் கம்பம்போல் நிற்கும். அதனால் தென்னையை ஆராய்ச்சி நிறுவனங்கள் வழியாக மட்டும், கடும் கட்டுப்பாட்டில் கொண்டுவருகிறார்கள். புது ரகம் வேண்டுமென்றால் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள்.

தாய்லாந்து போகிறேன். நாலு விதையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

2016-இல் எங்கள் பொள்ளாச்சியில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயைக் கண்டுபிடித்தார்கள். மத்திய அமெரிக்கப் பூச்சி. ஓலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை மெழுகில் யாரோ சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும். அது கசியவிடும் தேன்போன்ற நீர் கீழ் ஓலையின் மேல் சொட்டி, அதில் கரும்பூசணம் படர்ந்து, மொத்தத் தோப்பும் புகை பிடித்த அடுப்படி மாதிரி ஆகிவிடும். தென்னையோடு நிற்கவில்லை, வாழை, கொய்யா, சப்போட்டா என்று ஏறியது. என் மாமா மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டினார், டிராக்டரில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தார், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவி உள்ள ஓலைத் துண்டுகளை வாங்கி வந்து தொங்கவிட்டார். இன்னும் ஒவ்வொரு கோடையிலும் அதே வேலை. அந்த ஈ வெளிநாட்டு நாற்றுகளோடு வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, கொண்டுவந்தவருக்கே தெரிந்திருக்காது.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. நம் தென்னையில் இருக்கும் சிவப்புக் கூன்வண்டு, 80-களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சைக்குப் போய், 90-களில் எகிப்து, ஸ்பெயின் என்று மத்தியதரைக்கடல் ஓரத்தையே பிடித்துக்கொண்டது. ஸ்பெயினுக்கு எகிப்திலிருந்து வாங்கிய பேரீச்சை மரங்களோடு போனது.

அதனால் பையில் போட்டு வராதீர்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டயாவில் நோங் நூச் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள், உலகின் பெரிய பனைத் தொகுப்புகளில் ஒன்று, ஒரு நாள் போதாது. படம் எடுங்கள், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து முறையாக விண்ணப்பியுங்கள்.

அரிய இனங்களுக்குத் தனிச் சட்டம் உண்டாமே?

உண்டு, சைட்டிஸ் ஒப்பந்தம். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் அது. மடகாஸ்கரின் முக்கோணப் பனை, பெக்காரியோஃபீனிக்ஸ் மடகாஸ்கரியென்சிஸ், ரவேனியா ரிவுலாரிஸ் போன்றவை இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. இந்தப் பட்டியலில் பொதுவாக விதைக்கு விலக்கு உண்டு. ஆனால் முக்கோணப் பனை, பெக்காரியோஃபீனிக்ஸ் இரண்டின் விதையும் மடகாஸ்கரிலிருந்தே வருவதாக இருந்தால் விலக்கு கிடையாது, அந்த நாட்டின் சைட்டிஸ் அனுமதி கூடவே வர வேண்டும். நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் சைட்டிஸ் பட்டியல் சேர்ந்துவிட்டது. அதனால் 'யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று விற்பவர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

கடல் தேங்காயைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், நாட்டு மருந்துக் கடையில் பார்த்திருப்பார்கள் போல. அது சீஷெல்ஸ் நாட்டின் பிராலின், கியூரியூஸ் என்ற இரண்டே தீவுகளில் இயற்கையாக வளர்வது. உலகிலேயே பெரிய விதை அதற்குத்தான், இருபது கிலோவைத் தொடும். சுற்றுலாப் பயணிகளுக்குச் சான்றிதழோடு விற்பவை உள்ளே குடைந்து எடுத்த வெறும் ஓடுகள், முளைக்காது. மரத்தைப் பார்க்க ஆசை என்றால் ஹவுரா தாவரவியல் பூங்காவில் 1894-இல் நட்ட மரம் ஒன்று உண்டு, இலங்கையில் பேராதனைப் பூங்காவிலும் இருக்கின்றன.

இணையத்தில் நீல நிறப் பனை, வானவில் பனை என்று நூறு விதை முந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்களே?

வாங்காதீர்கள், படத்தில் நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள். பனை இனத்தில் நீலம் என்பது பிஸ்மார்க்கியா போன்றவற்றின் சாம்பல் கலந்த வெளிர்நீலம்தான், மயில் நீலம் கிடையாது.

நல்ல விற்பனையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல, 'எந்தத் தேதியில் பறித்தது?' என்பதுதான். தேதி சொல்லத் தெரியாதவரிடம் பேச்சை வளர்ப்பதில்லை. மழைக்காட்டுப் பனைகளின் விதை நெல், உளுந்து மாதிரி காயவைத்து டப்பாவில் அடைக்கிற சரக்கல்ல. உலர்ந்தால் செத்துவிடும், சில இனங்கள் இரண்டு மூன்று வாரம் கூடத் தாங்காது. வாஷிங்டோனியா, ஈச்சை, சபால் போன்ற இனங்கள் மாதக்கணக்கில் தாங்கும்.

அடுத்து, சதையை நீக்கிக் கழுவினதா, எதில் வைத்து அனுப்புவார் என்று கேளுங்கள். லேசான ஈரமுள்ள வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) வருவது நல்லது. வைக்கோல் போன்ற தாவரப் பொருளை வைத்துக் கட்டினால் நம் ஊரில் அதற்கே தடை. அப்புறம், பறிக்கும் முன்பே பணம் வாங்கிக்கொண்டு 'பழுத்ததும் அனுப்புகிறேன்' என்று சொல்பவர் நல்லவராகத்தான் இருப்பார், அவசரப்படாதீர்கள். எப்போதும் எல்லா இனமும் கையிருப்பு உண்டு என்பவரிடம்தான் சந்தேகம் வேண்டும். 1956-இல் தொடங்கிய சர்வதேசப் பனைச் சங்கத்தில் உறுப்பினரானால் நாடு நாடாக வளர்ப்பவர்களின் பழக்கம் கிடைக்கும், நம்பகமானவர்களின் பெயர் அப்படித்தான் தெரியவரும்.

ஒரே செடிக்கு இரண்டு அறிவியல் பெயர் போடுகிறார்களே?

ஏமாற்று அல்ல. மடகாஸ்கரின் டிப்சிஸ் பேரினத்தை 2022-இல் பிரித்து, ஒரு பகுதியை கிரிசாலிடோகார்பஸ் என்ற பழைய பெயருக்கு மாற்றினார்கள். நம் அரிக்கா பாம் அப்படி மாறியதுதான். ஆனால் அனுமதியில் ஒரு பெயரும் ஃபைட்டோவில் இன்னொரு பெயரும் இருந்தால் சிக்கல் வரும். அனுமதியில் உள்ள பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

எந்த மாதத்தில் வரவழைப்பது?

அனுப்பும் இடத்தில் குளிர்காலமோ, வழியில் ஐரோப்பாவின் ஜனவரியோ இருந்தால் வேண்டாம், மழைக்காட்டு விதைக்குக் குளிர் ஆகாது. இங்கே வந்து சேருவது மாசி, பங்குனியாக இருந்தால் முளைப்புக்கு வேண்டிய சூடு இலவசமாகக் கிடைக்கும்.

பார்சல் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய?

இரண்டு மூன்று விதையைப் பலி கொடுங்கள். நான் பாக்குவெட்டியில் வைத்துப் பிளப்பேன். நல்ல விதை என்றால் உள்ளே வெள்ளையாக, முற்றிய தேங்காய்ப் பருப்பு மாதிரி ஓட்டோடு ஒட்டி இருக்கும், ஓரத்தில் எள்ளளவு குழியில் முளைக்கரு பால்நிறத்தில் மினுங்கும். கெட்டது என்றால் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகி ஆடும், முளைக்கரு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு துளை. மூன்றும் அப்படி இருந்தால் அன்றே விற்பவருக்குப் படம் அனுப்பிவிடுங்கள்.

சரியாக இருந்தால் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சதை ஒட்டியிருந்தால் தேய்த்துக் கழுவுங்கள், கூந்தற்பனை வகையாக இருந்தால் கட்டாயம் கையுறை போடுங்கள், அந்தச் சாற்றில் உள்ள ஊசிப் படிகங்கள் சேப்பங்கிழங்கைவிட மோசமாக அரிக்கும். பிறகு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரத்தில் தென்னை நார்க்கழிவு, அதை ஜிப் பையில் விதையோடு போட்டு, பெயரும் தேதியும் எழுதி, 28 முதல் 35 டிகிரி சூடுள்ள நிழலில் வையுங்கள். எங்கள் வீட்டில் சமையலறைப் பரண்தான் அந்த இடம்.

எத்தனை நாளில் முளைக்கும்?

வாஷிங்டோனியா சில வாரங்களில். அரிக்கா பாம் ஒன்றிரண்டு மாதம். ஃபாக்ஸ்டெயில் மூன்று மாதமும் ஆகும், ஒரே பழக்குலையில் எடுத்ததே சிலது எட்டு மாதம் கழித்தும் வரும். ஜோயிக்கு ஒரு வருடம் கூடக் காத்திருங்கள். அழுகி நாறாத வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முளைத்ததும் எந்தத் தொட்டியில் வைப்பது?

பனங்கிழங்கு தோண்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டால் முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அங்கே போய்க் கிழங்காகி, அப்புறம்தானே குருத்து மேலே கிளம்புகிறது? பிஸ்மார்க்கியா, ஹைஃபீன், கடல் தேங்காய் எல்லாம் அதே குணம். இவைகளுக்கு அகலத் தொட்டி பயன்படாது, ஒரு முழத்துக்கு மேல் ஆழம் வேண்டும். நான் பழைய பிவிசி குழாயை அறுத்து நிமிர்த்தி வைக்கிறேன். முதல் வருடம் சாதாரணப் பையில் வைத்திருந்த பிஸ்மார்க்கியா ஒன்றை நகர்த்தத் தூக்கினேன், வரவில்லை, கொஞ்சம் இழுத்தேன், 'டக்' என்று ஒரு சத்தம். அடிப்பக்கத் துளை வழியாக வேர் தரைக்குள் போயிருந்தது. பதினோரு மாதம் வளர்த்த செடி மூன்று வாரத்தில் காய்ந்தது. தென்னை, பாக்கு, அரிக்கா பாம் வகையில் முளை விதையை ஒட்டியே வரும், அவைகளுக்குச் சாதாரண நர்சரிப் பையே போதும்.

கேட்காமலே வெளிநாட்டிலிருந்து விதைப் பொட்டலம் ஒன்று தபாலில் வந்திருக்கிறது. நட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். 2020-இல் பல நாடுகளில் இப்படி மர்மப் பொட்டலங்கள் வந்தன, நம் வேளாண் அமைச்சகமும் அப்போது எச்சரிக்கை விட்டது. பிரிக்காமல், குப்பையிலும் போடாமல், இன்னொரு பைக்குள் வைத்து மூடி, அருகிலுள்ள வேளாண் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால், கீழே சிந்திய ஒன்றிரண்டையும் பொறுக்கி அதே பையில் போடுங்கள்.